பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய கோடு

என் ஓரகத்தியை இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவள் நானேதான். நினைக்கும்போதெல்லாம் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும். அவள் எங்கள் ஆய்வு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கெட்டிக்காரி, கலகலப்பானவள். என் கொழுந்தனோ எதைப் பார்த்தாலும் கொட்டாவி விடுகிற ஆள். இவளாவது அவனை எழுப்பி உட்காரவைப்பாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் விருந்து வைத்துச் செய்தேன்.

கல்யாணம் முடிந்ததும் நான் பெரியவள் ஆனேன், அவள் சின்னவள் ஆனாள். மாமியார் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு மருமகள்களுக்கும் ஒரே தொழில் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. ஒரு திடப்பொருளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, அதற்குள் எலக்ட்ரான் எப்படி ஓடும், வெப்பம் எப்படிப் போகும் என்பதையெல்லாம் கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் வேலை. கையில் பொடி ஒட்டாத இயற்பியல். இதை மாமியாருக்கு விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். கடைசியில் அவரே சுருக்கிவிட்டார். யாராவது கேட்டால், ‘ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல கல்லு பாக்கறாங்க’ என்பார். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

கல் பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. நான் ஒரு வகை. முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு படிகத்தில், ஒரே ஒரு அணு இடம்மாறி நின்றால் என்ன ஆகும் என்று வருடக்கணக்காகப் பார்த்தேன். பிறகு வெளியூர்களில் தற்காலிக ஆய்வு வேலைகள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் பெட்டி, காலாவதியாகப்போகும் ஒப்பந்தம் பையில். திரும்பி வந்து நிரந்தர வேலை கிடைத்த பிறகும் நான் செய்ததெல்லாம் அடித்தளம்தான். எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டால் விடை நம்பத்தக்கது, எங்கே குறுக்குவழி ஆபத்து, இப்படிப்பட்டவை. என் கணக்கில் பிழை கண்டவர் யாரும் இல்லை. என் கணக்கைக் கண்டு வாய் பிளந்தவரும் யாரும் இல்லை.

சின்னவள் வேறு வகை. அவள் குதிப்பாள். யாரும் இதுவரை செய்யாத ஒரு சேர்மத்தைக் கணினியிலேயே கற்பனை செய்து, இது இப்படி இருக்கும், இதைச் செய்துபாருங்கள் என்பாள். போன வருடம் அப்படி ஒன்றைச் சொன்னாள். வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் பொருள். சூடான புகைபோக்கியின் மேல் ஒட்டிவைத்தால் அந்த வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். பத்திரிகையில் அவள் படம் வந்தது. மாமியார் அதைக் கத்தரித்து என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டார், ஏனென்றால் அவர் இருப்பது என் வீட்டில். காலையில் பால் எடுக்கப் போனால் சின்னவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில் புகைபோக்கியே தேவையில்லை, என்மேல் ஒட்டினாலே மின்சாரம் வந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கோட்பாட்டுப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். நாற்காலி ஒன்று, தகுதியானவர்கள் நாங்கள் இருவர். இயக்குநர் இருவரையும் கூப்பிட்டு, எல்லாப் பிரிவினருக்கும் முன்னால் ஆளுக்கு ஓர் உரை நிகழ்த்துங்கள், குழு அதைக் கேட்டு முடிவு செய்யும் என்றார். தலைவரானால் கணினி நேரத்தைப் பங்கிடலாம், ஆள் எடுக்கலாம், பெரிய ஜன்னல் உள்ள மூலை அறை கிடைக்கும். கேட்டவர்களிடமெல்லாம் இவற்றைத்தான் சொன்னேன். உண்மையில் எனக்கு வேண்டியது வேறு. ஒரே ஒரு இடத்திலாவது அவள் எனக்கு அடுத்தபடியாக நிற்க வேண்டும்.

அந்தச் சேர்மத்தைப் பற்றிய கட்டுரையை, எழுதிய அவளே என் அளவுக்குப் படித்திருக்கமாட்டாள். எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று வரிவரியாகத் துழாவினேன். கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத பின்னிணைப்புப் பக்கங்களில் ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. அணுக்கள் எப்படியெல்லாம் ஆடும், எவ்வளவு வேகத்தில் ஆடும் என்பதைக் காட்டும் கோடுகள். ஒரு பொருள் நிலையானது என்றால் இந்தக் கோடுகள் எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு கோடு கீழே இறங்கினால், அணுக்களுக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை என்று பொருள். சின்னவளின் கோடுகள் எல்லாம் மேலேதான் இருந்தன. ஆனால் ஒரு கோடு மட்டும் ஓரத்தில் லேசாகத் தொய்ந்திருந்தது. துணி காயப்போட்ட கயிறு தொய்வதைப் போல அவ்வளவுதான். மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. பொறாமைக்குக் கண்பார்வை கூர்மை.

எந்தப் பெட்டியில் கணக்குப் போட்டாள் என்று பார்த்தேன். படிகம் முடிவில்லாமல் நீளும், கணினியால் அத்தனையையும் பார்க்க முடியாது. அதனால் சிறு துண்டை எடுத்துப் பெட்டி மாதிரி அடுக்கி, அதற்குள் அணுக்களை அசைத்துப் பார்ப்போம். அவள் ஒவ்வொரு திசையிலும் அந்தத் துண்டை மூன்று மடங்கு எடுத்திருந்தாள். அங்கேதான் கோட்டைவிட்டாள். ஒரு அடுக்கு இடப்பக்கம், அடுத்த அடுக்கு வலப்பக்கம், அதற்கடுத்தது மறுபடி இடப்பக்கம் என்று மாறிமாறி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அது இரட்டைப்படைப் பெட்டியில்தான் அடங்கும். மூன்றில் அடங்காது, ஒரு பெட்டியின் மூன்றாவது அடுக்கும் அதை ஒட்டிய அடுத்த பெட்டியின் முதல் அடுக்கும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். நான்கு மடங்கு எடுக்கக் கணினி நேரம் அதிகம் பிடிக்கும். அவசரக்காரி, மூன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

நான்கு மடங்கில் நான் கணக்கை ஓடவிட்டேன். அது முடிய வெகுநாள் ஆனது. முடிந்த அன்று முற்பகல், கதவைச் சாத்திக்கொண்டு வரைபடத்தைத் திறந்தேன். தொய்ந்திருந்த அந்தக் கோடு நேராகப் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போயிருந்தது. உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடிய பொருள் அந்த வடிவத்தில் நிற்கவே நிற்காது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கதவைத் தட்டிக்கொண்டு சின்னவள் வந்தாள். இயந்திரத்தில் காப்பி எடுக்கப் போனவள் எனக்கும் ஒன்று எடுத்து வந்திருந்தாள். நான் அவசரமாகத் திரையை மாற்றினேன். உரை தயாராகிவிட்டதா என்று கேட்டாள். தயாராகிக்கொண்டிருக்கிறது என்றேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். அவர் பல் மருத்துவர், நாள் முழுதும் அடுத்தவர் வாயில் ஓட்டை தேடுகிறவர், என் அருமை அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, உரைக்கு முன்னால் அவளிடமே போய்ச் சொல்லிவிடு என்றார். இதே தப்பு என் கட்டுரையில் இருந்திருந்தால் அவள் என்னிடம் வந்து சொல்லியிருப்பாளா என்று கேட்டேன்.

“சொல்லியிருப்பா. அதானே உனக்குக் கோபம்” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அறிவியல் என்றால் பொதுவில்தான் பேச வேண்டும், ஓரகத்தி என்பதற்காகச் சமையலறையில் வைத்துக் காதோடு காதாகச் சொல்வதா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். எவ்வளவு நல்ல நியாயம் பாருங்கள், ஒரு தூசு ஒட்டாது அதில்.

உரை நாளன்று அரங்கு நிரம்பியிருந்தது. முன்வரிசையில் இயக்குநரும் குழுவும். பின்னால் மாணவர்கள். நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு அடுப்புக்காரர். அவர் சோதனைப் பிரிவில் பேராசிரியர். பொடிகளைக் கலந்து உலையில் வைத்துச் சுட்டுப் படிகம் எடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அடுப்புக்காரர்தான். சின்னவள் சொன்ன சேர்மத்தை நிஜமாகச் செய்துகொண்டிருந்தவர் அவர். சரியாக வரவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

சின்னவள் முதலில் பேசினாள். வழக்கம்போல் கைகளை ஆட்டி, பாதி வாக்கியத்தில் அடுத்த வாக்கியத்துக்குத் தாவி, தன் பொருளைப் பற்றிப் பேசினாள். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு நான். கணக்குகளைச் சரிபார்ப்பது எப்படி என்பது என் தலைப்பு. கொட்டாவி வரவழைக்கிற தலைப்பு, வேண்டுமென்றே வைத்தேன். கடைசிப் படம்வரை நல்ல பிள்ளையாகப் பேசினேன். கடைசிப் படத்தில் இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்திருந்தேன். இடப்பக்கம் அவளுடையது, மூன்று மடங்கு. வலப்பக்கம் என்னுடையது, நான்கு மடங்கு, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய கோட்டுடன். யாருடைய கட்டுரை என்று நான் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். பின்வரிசை மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அவள் முகத்தைத் தேடினேன். இத்தனை நாள் காத்திருந்தது அதற்குத்தானே. அந்த முகத்தில் ஈயாடக் கூடாது, நிறம் மாற வேண்டும், கண் கீழே போக வேண்டும். அவள் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கையைத் தூக்கினாள். நான் அனுமதிப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டாள். அலுவலகத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அன்று அதையும் மறந்துவிட்டாள்.

“அக்கா, அந்த ஆட்டத்தோட திசையிலயே அணுக்களைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பார்த்தீங்களா? உருண்டு எங்க போய் நிக்குது?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோடு கீழே இறங்கினால் அந்த வடிவம் ஒரு மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேடு இருந்தால் பக்கத்தில் பள்ளம் இருக்கும். அணுக்களை லேசாகத் தள்ளினால் அவை தாமாக உருண்டு பள்ளத்தில் போய் நிற்கும். அதுதான் அந்தப் பொருளின் உண்மையான வடிவம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்லித்தருவது இதைத்தான். கோடு கீழே போனால் அழாதீர்கள், தள்ளிவிட்டுப் பாருங்கள் என்று வருடாவருடம் சொல்கிறேன். இந்த முறை நான் தள்ளவில்லை. மேட்டின் மேலேயே நின்று கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது அவளுடைய தப்பு. அது கிடைத்ததும் கணினியை அணைத்துவிட்டேன்.

“இல்லை” என்றேன். ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் அடுப்புக்காரர் எழுந்தார். பொதுவாக அவர் எழுந்தால் தேநீர் இடைவேளை எப்போது என்று கேட்பதற்காகத்தான் எழுவார்.

“எனக்கு அந்தப் படிகத்தோட எக்ஸ்ரே படத்துல ரெண்டு கோடு எப்பவும் அதிகமாவே வருது. அழுக்குன்னு நெனச்சு இத்தனை மாசமா திரும்பத் திரும்ப சுட்டுக்கிட்டிருக்கேன். மேடம் சொல்ற மாதிரி ஒண்ணுவிட்டு ஒண்ணு சாய்ஞ்சிருந்தா அந்த ரெண்டு கோடும் அங்கதான் வரணும். அது அழுக்கே இல்ல.”

அரங்கு கலகலவென்றாகிவிட்டது. சின்னவள் இருக்கைகளுக்கு நடுவே புகுந்து அவரிடம் போனாள். அவர் கைப்பேசியில் படத்தைக் காட்ட, அவள் காற்றில் விரலால் அடுக்குகளை வரைய, மாணவர்கள் அவர்களைச் சுற்றி நின்றார்கள். மேடையில் நான் மட்டும் நின்றேன். என் வரைபடம் எனக்குப் பின்னால் அப்படியே இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பள்ளம் என் கணினியில், என் விரலுக்குக் கீழே வாரக்கணக்காக இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை நான்.

பிற்பகலில் அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. இந்நேரம் தன் கணக்கை ஓடவிட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“கண்டுபிடிச்சது நீங்க. தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டியதும் நீங்கதான். நான் தொடமாட்டேன்கா. முடிஞ்சதும் முதல்ல எனக்குச் சொல்லுங்க, அது போதும்.”

உன் தானம் எனக்கு வேண்டாம் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. ஆனால் ஆசை யாரை விட்டது. அவள் கதவைத் தாண்டியதும் கணக்கைப் போட்டேன். அணுக்களைத் தள்ளினேன். உருண்டன. ஒரு அடுக்கு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் எனச் சாய்ந்து அழகாக ஒரு பள்ளத்தில் போய் நின்றன. எல்லாக் கோடுகளும் பூஜ்யத்துக்கு மேலே. அந்தச் சாய்வினால் பொருளுக்குள் வெப்பம் ஓடுவது இன்னும் மந்தமானது, வெப்பம் மந்தமாக ஓடினால்தான் மின்சாரம் அதிகம் கிடைக்கும். ஆக, அவள் சொன்னதைவிடப் பல மடங்கு நல்ல பொருள். அவள் புகழுக்குக் குழி பறிக்கப்போன நான் அதற்கு அஸ்திவாரம் போட்டுக்கொடுத்திருந்தேன்.

இதைப் பற்றி வந்த புதுக் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. நாற்காலியும் எனக்கே வந்தது. மூலை அறையின் சாவியைக் கையில் கொடுக்கும்போது இயக்குநர், நான் மகிழ்ந்துபோவேன் என்று நினைத்து ஒரு விஷயம் சொன்னார். குழுவில் பாதிப்பேர் சின்னவள் பக்கம்தான் இருந்தார்களாம். அவளே எழுதிக் கொடுத்தாளாம், தன் தப்பைக் கண்டுபிடித்தவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று. காரிடாரில் போகிறவர்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அவள் குணத்தைப் பாராட்டினார்கள். மாமியார் அவள் பெருந்தன்மையை உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார். என் வெற்றியிலும் அவளுக்குத்தான் கைதட்டல்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவள் கை தூக்கிய அந்த நொடி. தன் பெயர் கப்பலேறிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணில் தெரிந்தது சந்தோஷம். நடிப்பு இல்லை, எனக்கு அவளை வருடக்கணக்காகத் தெரியும். அந்தக் கோடு யாருடையது, யாரைக் கவிழ்க்கிறது என்பதெல்லாம் அவள் மனதில் ஏறவேயில்லை. எங்கே போய் நிற்கிறது என்பது மட்டும்தான் ஏறியது. படிக்கிற காலத்தில் எனக்கும் அப்படி இருந்ததா என்று யோசித்துப்பார்த்தேன். இருந்ததாகச் சொல்லத்தான் ஆசை. புகழைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் உழைத்து எட்டலாம். இதை எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

புது அறைக்கு வந்த முதல் வாரத்திலேயே சின்னவள் வந்தாள். கண் பளபளத்தது. புதிதாக ஒன்று தோன்றியிருக்கிறது, இன்னும் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை, நேராக வெள்ளைப் பலகைக்குப் போய்ப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். இதை ஏன் என்னிடம் சொல்கிறாய், நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டதுபோல் அவளே பதில் சொன்னாள்.

“உங்களை மாதிரி என் பேப்பரை வேற யாரும் அவ்வளவு கவனமா படிக்கறதில்லக்கா. எங்கயாவது இடிச்சா நீங்கதான் கண்டுபிடிப்பீங்க.”

அவள் முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். இல்லை.

அவள் வரைந்துகொண்டே போனாள். என் மனம் முழுதையும் கூட்டி ஓட்டை தேடினேன். பெட்டியின் அளவைக் கேட்டேன், இரட்டைப்படைதான் என்றாள். அணுக்களின் காந்தத் தன்மையைச் சேர்த்தாயா என்றேன், சேர்த்திருந்தாள். தோண்டத் தோண்டக் கெட்டியாக இருந்தது. பலகை நிறைந்தது. அவள் திரும்பி, பேனாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம். என் ஒரு வார்த்தைக்காக அவள் நிஜமாகவே பயந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் உதட்டைப் பிதுக்கினால் போதும், இதைத் தூக்கி ஓரம் வைத்துவிடுவாள். என்னை நம்பி வைத்துவிடுவாள்.

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

என் வாழ்க்கையிலேயே நான் போட்ட எந்தக் கணக்கும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. எவ்வளவு கணினி நேரம் வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள். அவள் கேட்டதற்கு மேலேயே ஒதுக்கிக் கொடுத்தேன், வயிறு எரிய எரிய.